வியாழன் போகும் பாதையில் பல ஆயிரம் சிறுகோள்கள்... மோதாமல் சுற்றுவது எப்படி? நுங்கம்பாக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மழைக்காலம் வந்தாலே டிவியில் அடிக்கடி கேட்கும் பெயர் நுங்கம்பாக்கம். 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்' என்று சொல்லாத மழைச் செய்தியே கிடையாது. ஆனால் இன்று மழையை அளக்கும் அதே வளாகத்தில் ஒரு காலத்தில் சிறுகோள்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆசியக் கண்டத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள், 1861-ம் ஆண்டு ஏப்ரல் 17-ம் தேதி இங்கிருந்துதான் கண்ணில் பட்டது.

அந்தச் சிறுகோள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுவது. அதையும் தாண்டி, வியாழன் போகும் அதே பாதையில் இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. அவற்றுக்குப் பெயர் 'ட்ரோஜன்' சிறுகோள்கள். இதுவரை 10 ஆயிரத்துக்கும் மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். அவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்க நாசாவின் 'லூசி' விண்கலம் இப்போது பயணத்தில் இருக்கிறது.

சூரியக் குடும்பத்திலேயே பெரிய கோள் வியாழன். அதன் பாதையில் குறுக்கே யார் வந்தாலும் இழுத்து விழுங்கிவிடும், இல்லையென்றால் தூக்கி வீசிவிடும். அப்படியிருக்க, அதே ரோட்டில் பல ஆயிரம் பாறைகள் எப்படிப் பத்திரமாக ஓடுகின்றன? அவற்றால் பூமிக்கு ஆபத்து உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

ட்ரோஜன் சிறுகோள்கள் எங்கே இருக்கின்றன?

வியாழன் சூரியனில் இருந்து சுமார் 77.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. ஒரு சுற்று முடிக்க கிட்டத்தட்ட 12 ஆண்டுகள். குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கும், கும்பகோணம் மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதற்கும் இதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை வைத்தே ட்ரோஜன்களின் இடத்தையும் புரிந்துகொள்ளலாம். ஒரு ராசி என்பது 30 டிகிரி. வியாழனுக்கு 60 டிகிரி முன்னே ஒரு கூட்டம், 60 டிகிரி பின்னே ஒரு கூட்டம். அதாவது, சூரியனில் இருந்து பார்த்தால் குருவுக்கு இரண்டு ராசி முன்னே ஒரு கூட்டமும், இரண்டு ராசி பின்னே இன்னொரு கூட்டமும் எப்போதும் கூடவே வந்துகொண்டிருக்கும். 2028-ம் ஆண்டு மகாமகத்தின்போது வியாழன் சிம்மத்தில் இருக்கும். அப்போது முன்னே போகும் கூட்டம் சுமாராகத் துலாம் பக்கமும், பின்னே வரும் கூட்டம் மிதுனம் பக்கமும் இருக்கும்.

மயிலாப்பூர் மாட வீதியில் தேர் வரும்போது முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம் போகுமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே யாரும் தேரை ஒட்டி வருவதில்லை. தேருக்கும் கூட்டத்துக்கும் உள்ள இடைவெளியும் அதே 77.8 கோடி கிலோமீட்டர்தான். சூரியன், வியாழன், ட்ரோஜன் கூட்டம் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வரும்.

ஆதித்யா எல்-1 ஞாபகம் இருக்கா?

2023 செப்டம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோ அனுப்பிய விண்கலம் ஆதித்யா எல்-1. தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அதன் திட்ட இயக்குநர். 2024 ஜனவரி 6-ம் தேதி அது பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள 'எல்-1' புள்ளியைச் சுற்றிய பாதையில் நிலைநிறுத்தப்பட்டது.

அந்த 'எல்' யாரைக் குறிக்கிறது? கணித மேதை லெக்ராஞ்சை. சூரியன், ஒரு கோள் இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது, மூன்றாவதாக ஒரு சிறிய பொருள் இடம் மாறாமல் கூடவே சுற்றிவர ஏற்ற இடங்கள் ஐந்து இருக்கின்றன. அவைதான் எல்-1 முதல் எல்-5 வரை. சமபக்க முக்கோணத்தில் வரும் எல்-4, எல்-5 பற்றி லெக்ராஞ்ச் 1772-ம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அப்போது ஒரு ட்ரோஜன் சிறுகோள்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. முதல் சிறுகோளான சீரிஸே 1801-ல்தான் கண்ணில் பட்டது.

ஐந்து புள்ளிகளும் ஒரே மாதிரி கிடையாது. எல்-1, எல்-2, எல்-3 மூன்றும் மலை முகட்டில் பந்தை வைப்பது மாதிரி. கொஞ்சம் நகர்ந்தாலும் உருண்டு ஓடிவிடும். அதனால்தான் ஆதித்யா எல்-1 அவ்வப்போது எரிபொருள் செலவழித்து தன் பாதையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எரிபொருள் தீர்ந்தால் அங்கே நிற்க முடியாது.

எல்-4, எல்-5 அப்படி இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த பாறைகள் ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன.

விலகினாலும் திரும்பி வருவது எப்படி?

இதில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. விண்வெளியில் பிரேக் போட்டால் வேகம் கூடும்!

வியாழனுக்கு முன்னே போகும் ஒரு ட்ரோஜன், கொஞ்சம் பின்தங்கி வியாழன் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாழன் அதைப் பின்பக்கமாக இழுக்கும். அதாவது பிரேக் போட்டது மாதிரி. ஆற்றல் குறைந்ததால் அந்தப் பாறை சூரியனை நோக்கிச் சற்று உள்ளே இறங்கும். உள்ளே இருக்கும் பாதை சின்னது, அங்கே வேகமும் அதிகம். புதன் 88 நாளில் சூரியனைச் சுற்றி முடிக்க, வியாழனுக்கு 12 ஆண்டுகள் ஆவது இதனால்தான். ஆக, உள்ளே இறங்கிய பாறை வேகமெடுத்து வியாழனிடம் இருந்து முன்னே தள்ளிப் போய்விடும்.

சரி, அப்படியே ஓடிப்போய்விடுமா என்றால், இல்லை. 60 டிகிரியைத் தாண்டி ரொம்பத் தூரம் போனால், சூரியனும் வியாழனும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு இந்த முறை அதை முன்பக்கமாகத் தள்ளும். ஆற்றல் கூடும், பாதை பெரிதாகும், வேகம் குறையும். பாறை மெல்லப் பின்தங்கி பழைய இடத்துக்கே வரும். இப்படி ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவதுதான் ட்ரோஜன்களின் வாழ்க்கை. ஒரு முறை ஆடி முடிக்க சுமார் 150 ஆண்டுகள் ஆகும்.

இந்த ஊஞ்சல் அறுந்துபோகாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் இருக்கும் பொருள், கோளைப் போல குறைந்தது 25 மடங்கு நிறை கொண்டதாக இருக்க வேண்டும். சூரியன் வியாழனைப் போல 1,047 மடங்கு நிறை கொண்டது. அதனால் பிரச்னையே இல்லை.

முதல் ட்ரோஜனைக் கண்டுபிடித்தது யார்?

லெக்ராஞ்ச் எழுதி 134 ஆண்டுகள் கழித்துதான் அதற்கு ஆதாரம் கிடைத்தது. 1906 பிப்ரவரி 22-ம் தேதி, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் மேக்ஸ் வோல்ஃப் என்ற வானியலாளர் எடுத்த புகைப்படத்தில் ஒரு மங்கலான புள்ளி நகர்ந்திருந்தது. அது வியாழனின் பாதையிலேயே, 60 டிகிரி முன்னே போய்க்கொண்டிருந்தது. அதற்கு 'அக்கிலிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

அதே ஆண்டில் பின்பக்கக் கூட்டத்தில் 'பேட்ரோக்ளஸ்', அடுத்த ஆண்டில் முன்பக்கக் கூட்டத்தில் 'ஹெக்டர்' கிடைத்தன. இரண்டையும் கண்டுபிடித்தவர் ஆகஸ்ட் காப்ஃப். எல்லாமே கிரேக்க இதிகாசத்தில் வரும் ட்ராய் போரின் வீரர்கள் பெயர். ஆஸ்திரிய வானியலாளர் யோகான் பாலிசா கொடுத்த யோசனை இது.

பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. முன்னே போகும் கூட்டத்துக்குக் கிரேக்க வீரர்கள் பெயர், பின்னே வரும் கூட்டத்துக்கு ட்ராய் வீரர்கள் பெயர். ஆனால் அந்த விதி வருவதற்குள் இரண்டு பெயர்கள் மாறிப் போய்விட்டன. கிரேக்க வீரன் பேட்ரோக்ளஸ் ட்ராய் முகாமில் மாட்டிக்கொண்டான். ட்ராய் இளவரசன் ஹெக்டர் கிரேக்க முகாமில் இருக்கிறான். கதையில் பேட்ரோக்ளஸைக் கொன்றவனே ஹெக்டர்தான். வானத்தில் இருவரும் எதிரி முகாமில் ஒற்றர்கள் மாதிரி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நுங்கம்பாக்கத்தில் நடந்தது என்ன?

மதராஸ் வானாய்வகம் 1792-ம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்டது. அப்போது கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய கிரானைட் தூண், இன்றும் கல்லூரி சாலையில் உள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டும் இருக்கிறது.

1861-ல் இந்த ஆய்வகத்தின் பொறுப்புக்கு வந்தவர் நார்மன் போக்சன். வந்த சில மாதங்களிலேயே அவர் கண்டுபிடித்த சிறுகோள்தான் வரிசையில் 67-வது. ஆசியாவில் இருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏசியா' என்றே பெயர் வைத்தார்கள். 1864-ல் 'சாப்போ', 1866-ல் 'சில்வியா', 1885-ல் 'வீரா' என்று அடுத்தடுத்து சென்னையில் இருந்தே கிடைத்தன.

இதில் சில்வியா ஸ்பெஷல். அது சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில், வியாழன் பக்கமாக இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு குட்டி நிலாக்கள் ஓடுவது 2005-ல் உலகத்துக்குத் தெரியவந்தது. இரண்டு நிலாக்கள் இருப்பதாகத் தெரிந்த முதல் சிறுகோள் அதுதான்.

போக்சன் மட்டும் இல்லை. அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்.

அப்படின்னா சென்னை ஏன் ட்ரோஜன்களைப் பார்க்கவில்லை?

இதற்கான பதிலும் போக்சனிடமே இருக்கிறது. நட்சத்திரங்களின் பிரகாசத்தை எண்ணில் சொல்ல இன்று உலகமே பயன்படுத்தும் அளவுகோலை, சென்னைக்கு வருவதற்கு முன்பே 1856-ல் சரிப்படுத்தித் தந்தவர் அவர். இதில் எண் கூடக்கூட ஒளி குறையும். ஒரு எண் கூடினால் ஒளி சுமார் இரண்டரை மடங்கு குறையும். ஐந்து எண் கூடினால் சரியாக 100 மடங்கு குறையும்.

நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை 6. அக்கிலிஸின் எண் நன்றாகத் தெரியும் காலத்திலேயே சுமார் 15. கணக்குப் போட்டால், கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட அது கிட்டத்தட்ட 4,000 மடங்கு மங்கல்.

போக்சன் காலத்தில் சிறுகோள் தேடுவது என்றால், தொலைநோக்கியில் கண்ணை வைத்து, நட்சத்திர வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளி எது என்று பார்ப்பது. ராத்திரி ராத்திரியாகச் செய்ய வேண்டிய வேலை. கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. ஆனால் புகைப்படத் தகட்டை மணிக்கணக்கில் திறந்து வைத்தால் மங்கலான ஒளியும் சேர்ந்துகொண்டே போகும். மேக்ஸ் வோல்ஃப் முதன்முதலாகப் புகைப்படத்தின் மூலம் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தது 1891 டிசம்பரில். போக்சன் சென்னையில் இறந்தது அதே ஆண்டு ஜூன் மாதம்.

அதன்பிறகு 1899-ல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்குப் போய்விட்டன. நுங்கம்பாக்கத்தில் வானிலை மட்டும் மிஞ்சியது. இந்திய மண்ணில் இருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1988 பிப்ரவரியில், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தில் இருந்து ஆர்.ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. சிறுகோள்களைத் தேடிய அந்தத் திட்டத்தின் பெயர் 'கல்கி'.

ராங் சைடில் வரும் ஒரு சிறுகோள்

வியாழனின் பாதையில் ஓடும் ட்ரோஜன்கள் எல்லாமே வியாழன் போகும் திசையிலேயே போகின்றன. ஆனால் ஒன்றே ஒன்று எதிர்த்திசையில் வருவது 2015-ல் ஹவாய் தீவில் உள்ள தொலைநோக்கி மூலம் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அதற்கு '2015 பிஇசட்509' என்ற எண்தான். பிறகு ஹவாய் மொழியில் ஒரு பெயர் வைத்தார்கள். 'எதிர்த்திசையில் போகும் வியாழனின் குறும்புக்காரத் துணை' என்பது போன்ற அர்த்தம்.

தி.நகர் உஸ்மான் ரோட்டில் எதிரே பஸ் வரும்போது ஒரு பைக் ராங் சைடில் வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது. ஆனாலும் மோதவில்லை. காரணம், வியாழனைக் கடக்கும்போது ஒருமுறை பாதையின் உள்பக்கமாகவும் மறுமுறை வெளிப்பக்கமாகவும் அது கடந்து போகிறது. ஒருமுறை வாங்கிய இழுப்பை அடுத்த முறை வாங்கும் இழுப்பு சரிக்கட்டிவிடுகிறது.

பூமிக்கு ஆபத்து உண்டா?

'பூமியை நோக்கி வரும் ராட்சத சிறுகோள்' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஃபார்வர்டு வருகிறது. ட்ரோஜன்களைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றும் இல்லை. அவை இருக்கும் இடம் பூமியில் இருந்து நெருங்கிய நிலையிலேயே சுமார் 60 கோடி கிலோமீட்டர். வியாழனோடு கட்டிப்போட்ட மாதிரி அங்கேயே ஆடிக்கொண்டிருப்பதால் நேராக நம் பக்கம் வர வழியில்லை. மிக நீண்ட காலத்தில் ஒன்றிரண்டு கூட்டத்தை விட்டு நழுவலாம். ஆனால் அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் பேச வேண்டிய கணக்கு.

இன்னொரு விஷயம். பூமிக்கும் ட்ரோஜன் உண்டு. '2010 டிகே7', '2020 எக்ஸ்எல்5' என்ற இரண்டு சிறுகோள்கள் பூமிக்கு முன்னே நம் பாதையிலேயே போகின்றன. இரண்டாவது சுமார் 1.2 கிலோமீட்டர் அகலம். ஆனால் இவை நிரந்தர வாடகைதாரர்கள் இல்லை, சில ஆயிரம் ஆண்டுகள் இருந்துவிட்டுப் போய்விடும். செவ்வாய், யுரேனஸ், நெப்டியூன் கோள்களுக்கும் ட்ரோஜன்கள் இருக்கின்றன. ரொம்ப நாளாக இல்லை என்று நினைத்த சனிக்கும் 2024-ல் ஒன்று உறுதியானது.

லூசி எதைத் தேடிப் போகிறது?

லூசி விண்கலம் 2021 அக்டோபர் 16-ம் தேதி ஏவப்பட்டது. எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த, 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான மனித மூதாதையின் எலும்புக்கூட்டுக்கு 'லூசி' என்று பெயர். அந்த எலும்புகள் மனித இனத்தின் கதையைச் சொன்ன மாதிரி, ட்ரோஜன்கள் சூரியக் குடும்பத்தின் கதையைச் சொல்லும் என்பதால் அதே பெயர்.

என்ன கதை அது? வியாழன் பிறந்த இடத்திலேயே இந்தப் பாறைகளும் பிறந்தனவா, அல்லது எங்கோ நெப்டியூன் பக்கத்தில் பிறந்து இங்கே வந்து மாட்டிக்கொண்டனவா என்பதுதான் கேள்வி. ஆரம்ப காலத்தில் பெரிய கோள்கள் இப்போது இருக்கும் இடத்தில் இல்லை, இடம் மாறின என்று ஒரு கருத்து இருக்கிறது. அந்தக் களேபரத்தில் சிதறிய பாறைகளை வியாழன் பிடித்து வைத்துக்கொண்டது என்று 2005-ல் ஒரு ஆய்வு சொன்னது. ட்ரோஜன்களில் சில நன்றாகச் சிவந்தும், சில சாம்பல் நிறத்திலும் இருக்கின்றன. எல்லாம் ஒரே இடத்தில் பிறந்திருந்தால் ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் கிடைத்தால், பூமி உட்பட எல்லாக் கோள்களும் எப்படி இன்றைய இடத்துக்கு வந்தன என்பது தெளிவாகும்.

பயணம் சுலபமாக இல்லை. ஏவிய உடனேயே, சுமார் 7 மீட்டர் அகலமுள்ள இரண்டு வட்டமான சோலார் தகடுகளில் ஒன்று முழுதாக விரியாமல் நின்றது. வியாழன் தொலைவில் சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் 27-ல் ஒரு பங்குதான். தகடு மடங்கிக் கிடந்தால் மின்சாரம் போதாது. பூமியில் இருந்தே மோட்டாரை இயக்கி, மாதக்கணக்கில் போராடி பெரும்பகுதியை விரித்துவிட்டார்கள். வழியில் 2023 நவம்பரில் டிங்கினேஷ், 2025 ஏப்ரலில் டொனால்ட்ஜொஹான்சன் என்ற இரண்டு சிறுகோள்களை லூசி படம் எடுத்தது. டிங்கினேஷுக்கு ஒரு நிலா இருப்பதும், அந்த நிலாவே ஒட்டிக்கொண்ட இரண்டு பாறைகள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

திட்டப்படி லூசி போக வேண்டிய இடங்கள்:

- 2027 ஆகஸ்ட்: யூரிபேட்டஸ். சுமார் 64 கிலோமீட்டர் அகலம். சென்னை மீது வைத்தால் கிட்டத்தட்ட காஞ்சிபுரம் வரை வரும். இதற்கு ஒரு குட்டி நிலாவும் உண்டு.
- 2027 செப்டம்பர்: பாலிமீல்
- 2028 ஏப்ரல்: லூக்கஸ்
- 2028 நவம்பர்: ஓரஸ்
- 2033 மார்ச்: எதிரி முகாமில் மாட்டிக்கொண்ட பேட்ரோக்ளஸ், அதன் ஜோடி மெனோயீட்டியஸ்

பேட்ரோக்ளஸும் மெனோயீட்டியஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒவ்வொன்றும் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுமார் 680 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் இருந்து பார்க்க முடியுமா?

ட்ரோஜன்களைக் கண்ணால் பார்க்க முடியாது. சாதாரணத் தொலைநோக்கியிலும் கஷ்டம். ஆனால் அவை இருக்கும் இடத்தை மொட்டை மாடியில் நின்றே குறித்துக்கொள்ளலாம். வியாழன் மெரினா வெளிச்சத்திலும் தெரியும் அளவுக்குப் பிரகாசமானது.

வியாழன் நள்ளிரவில் தலைக்கு மேல் வரும் மாதங்களில் கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். ஒரு முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி. வியாழனில் இருந்து கிழக்குப் பக்கமாக ஆறேழு முஷ்டி தள்ளினால் அக்கிலிஸும் ஹெக்டரும் இருக்கும் கிரேக்க முகாம். மேற்குப் பக்கமாக அதே ஆறேழு முஷ்டி தள்ளினால் பேட்ரோக்ளஸ் இருக்கும் ட்ராய் முகாம். வெறும் இருட்டாகத் தெரியும் அந்த இரண்டு இடங்களிலும் பல ஆயிரம் பாறைகள் இருக்கின்றன.

குழந்தைகளுக்குக் கோள்களின் பாதையைக் காட்டிப் புரியவைக்க நினைப்பவர்கள், அடையாறை ஒட்டிய கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம். யூரிபேட்டஸின் முதல் குளோசப் படங்கள் 2027 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வரும்போது, அது எங்கே இருக்கிறது, ஏன் அங்கேயே இருக்கிறது என்று அவர்களே வீட்டில் சொல்லிக்கொடுப்பார்கள்.